அண்ணாச்சி, சித்தப்பா, தாத்தா

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலை. முடிச்சூரில் எங்கள் தெருமுனைப் பால் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தோம். மாடி வீட்டு ஆச்சி பால் பாக்கெட்டைக் கூடையில் போட்டுக்கொண்டே, "நம்ம ஊரு அண்ணாச்சி ராத்திரி போய்ட்டாராம்லா" என்றார். கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. அண்ணாச்சி என்றதும் எதிரே இருந்த மளிகைக் கடையைப் பதறிப்போய்ப் பார்த்தார். "அவரில்லை. டெல்லி கணேஷ். சித்தப்பா வேஷமெல்லாம் கட்டுவாரே, அவர்" என்றேன் நான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்த கல்லூரிப் பையன் ஃபோனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். "இந்தத் தாத்தாவா, அங்கிள்?"

ஆச்சிக்கு அண்ணாச்சி, எனக்குச் சித்தப்பா, பையனுக்குத் தாத்தா. மூன்று பேரில் ஒருவருக்குக்கூட 'நடிகர்' என்ற சொல் முதலில் வாயில் வரவில்லை. பத்திரிகைகள் 'குணச்சித்திர நடிகர்' என்று எழுதும். கோடம்பாக்கத்தில் 'கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்' என்பார்கள். வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களுக்கு அவர் ஏதோ ஒரு உறவு, அவ்வளவுதான். முந்தைய நாள் இரவு தன் எண்பதாவது வயதில் அவர் காலமானதும், எங்கள் தெருவில் உறவுமுறை சொல்லித்தான் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள்.

பட்டினப்பிரவேசம்

ஆச்சி 'நம்ம ஊரு' என்று சொன்னதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. டெல்லி கணேஷ் பிறந்தது வல்லநாட்டில், 1944 ஆகஸ்ட் 1 அன்று. வெளிமான்களுக்குப் பேர்போன அந்த ஊர் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்தபோது எல்லாமே திருநெல்வேலிச் சீமைதான். ஆச்சிக்கு இன்றைக்கும் அப்படித்தான். மாவட்டத்தை 1986-ல் பிரித்தார்கள் என்றால், "அது அவங்க பிரிச்சது" என்பார்.

அந்த வல்லநாட்டுப் பையன் 1964-ல் விமானப்படையில் சேர்ந்தார். பத்து வருடம் சீருடை. வேலை பார்த்த டெல்லியில் தமிழர்கள் கூடி நாடகம் போட்டுக்கொண்டிருந்த தட்சிண பாரத நாடக சபாவில்தான் நடிப்பு ஒட்டிக்கொண்டது. 1974-ல் படையை விட்டுச் சென்னை வந்தார். காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் சேர்ந்தார். விசு எழுதி மேடையேறிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை 1977-ல் கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது, அதில் திரைக்கு வந்தார். பெயருக்கு முன்னால் 'டெல்லி'யைச் சேர்த்ததும் பாலசந்தர்தான். திருநெல்வேலிக்காரருக்கு வடநாட்டுத் தலைநகரின் பெயரை ஒட்டவைத்து, கிராமத்திலிருந்து பட்டணம் வரும் குடும்பத்தின் கதையில் அறிமுகம் செய்துவைத்தார்.

அந்தப் படத்தின் தலைப்பை முடிச்சூருக்கே வைக்கலாம். தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரில் பாதிப் பேர் பட்டினப்பிரவேசம் செய்தவர்கள். அப்போதெல்லாம் தென்மாவட்டத்து பஸ்கள் விடியற்காலையில் பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் ஆட்களை இறக்கிவிட்டன. இறங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே மனை வாங்கிக் குடியேறிய கூட்டம் இது. கையில் பெட்டியும் தலையில் அரிசி மூட்டையுமாக வந்தவர்கள், சித்தப்பா வீட்டில் மூன்று மாதம், மாமா வீட்டில் ஆறு மாதம் என்று தங்கி வேலை தேடினார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் யாராவது ஒரு கூடுதல் ஆள் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரருக்குத் தம்பியாக, ஒன்றுவிட்ட மைத்துனனாக, கல்யாணம் ஆகாத பெரியப்பாவாக. சண்டை வந்தால் சமாதானம் பேசுவார், கல்யாணம் வந்தால் சமையல்காரரைப் பிடிப்பார், ஒன்றும் வராவிட்டால் பேப்பர் படிப்பார்.

டெல்லி கணேஷ் வாழ்நாள் முழுக்க நடித்தது அந்த ஆளைத்தான்.

முப்பத்தைந்து வயது அப்பா

கதாநாயகனாகவும் ஒருமுறை பார்த்தார். 1981-ல் வந்த 'எங்கம்மா மகாராணி'. அதற்கு முன்பே அவருடைய பாதை வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1979-ல் துரை இயக்கிய 'பசி'யில் ரிக்‌ஷா இழுக்கும் அப்பாவாக வந்தார். மகளாக நடித்த ஷோபாவுக்கு அப்போது 17 வயது, அப்பாவுக்கு 35. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், இவருக்குத் தமிழக அரசின் சிறப்பு விருதும் அந்தப் படத்தால் கிடைத்தன. 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டு மணி ஐயராக, கமல்ஹாசனை எடுத்து வளர்த்த அப்பா. நிஜத்தில் இருவருக்கும் வயது வித்தியாசம் பத்துதான். பார்த்தவர்கள் யாரும் கணக்குப் போடவில்லை. கல்யாணச் சமையலில் மீன் விழுந்த சாம்பாருக்காக அவர் பட்ட பாட்டில் வயசு எங்கே ஞாபகம் வரும்?

வயதைவிடப் பெரிய வித்தை அவருடைய வாயில் இருந்தது. பிறந்த மண்ணின் பேச்சு நெல்லை. 'பசி'யில் மெட்ராஸ் சேரித் தமிழ். மணி ஐயருக்குப் பாலக்காட்டு இழுவை. 1987-ல் 'நாயகன்' படத்தில் இந்தி தெரியாத வேலு நாயக்கருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கும் ஐயர். அந்த வேஷத்துக்கு டெல்லியில் குடியிருந்த காதும் நாக்கும் கைகொடுத்திருக்கும். 1996-ல் 'அவ்வை சண்முகி'யில் ஜெமினி கணேசனுக்குக் கையாளாக வரும் சேதுராம ஐயர். ஒரு ஐயர் போல இன்னொரு ஐயர் இருக்கமாட்டார். வேட்டியும் விபூதியும் ஒன்றுதான் என்றாலும் ஒருவர் பயந்தவர், ஒருவர் விசுவாசி, ஒருவர் நைச்சியக்காரர்.

நல்லவராகவே இருந்துவிட்டார் என்று சொல்லவும் முடியாது. 1989-ன் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நாகேஷ், ஜெய்சங்கர், நாசரோடு சேர்ந்து நான்கு வில்லன்களில் ஒருவர், பிரான்சிஸ் அன்பரசு. 2000-ல் 'தெனாலி'யில் சக டாக்டரின் புகழைப் பார்த்து வயிறெரியும் பஞ்சபூதம். நம் வீட்டுச் சித்தப்பாவுக்கே சொத்துத் தகராறில் இன்னொரு முகம் வெளிப்படுமே, அந்த அளவு வில்லத்தனம். அதனால்தான் அதுவும் நம்பும்படி இருந்தது.

எனக்கு ஒரே ஒரு வேஷத்தைச் சொல் என்றால் 1985-ன் 'சிந்து பைரவி'யைச் சொல்வேன். பாகவதர் ஜேகேபிக்கு வாசிக்கும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாகவதர் அவரை ஒதுக்கி வைப்பார். பின்னால் அதே பாகவதர் குடியில் விழும்போது, படம் பார்க்கிறவருக்குத் தலைகுனிந்து நின்ற குருமூர்த்தியின் முகம் திரும்ப நினைவுக்கு வரும். கதாநாயகன் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்பதற்கு அந்த முகம்தான் அளவுகோல். சின்ன வேஷம் என்பதன் வேலை அது. சிவகுமாரின் பாகவதர் படம் முழுக்கப் பாடலாம். குருமூர்த்திக்குக் கிடைத்தது சில நிமிடம்.

ஃபிலிம் சுருளும் ஒத்திகையும்

அந்தச் சில நிமிடத்துக்குப் பின்னால் பல வருட மேடை இருந்தது. தமிழ்த் திரையின் குணச்சித்திர நடிகர்கள் வந்த வழியைப் பார்த்தாலே காலம் மாறியது தெரியும்.

முதல் தலைமுறை பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது. சிறு பிள்ளைகளாகச் சேர்ந்து, கம்பெனி போட்ட சோற்றைத் தின்று, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு வளர்ந்தவர்கள். காக்கா ராதாகிருஷ்ணன் அப்படி வந்தவர். 1954-ல் 'மனோகரா'வில் பார்த்த அதே மனிதரை 1992-ல் 'தேவர் மகன்' படத்திலும் பார்க்க முடிந்தது.

அடுத்த தலைமுறை சபா நாடகக்காரர்கள். பகலில் ஆபீஸ், மாலையில் ஒத்திகை. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், நாகேஷ் ரயில்வேயில். டெல்லி வானொலியில் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதனும் நாடகக்காரர்தான். டெல்லி கணேஷ் இந்த வரிசையில் சேர்ந்தவர். மாதச் சம்பளம் கையில் இருந்ததால் நாடகத்துக்கு லாபம் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. ஒரே நாடகத்தை ஐம்பது, நூறு தடவை போடுவார்கள். எந்த இடத்தில் சபை சிரிக்கும், சிரிப்பு அடங்க எத்தனை நொடி காத்திருக்கவேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடும்.

கேமராவுக்கு முன்னால் அந்தப் பயிற்சி காசாக மாறியது. ஃபிலிம் சுருளில் படம் எடுத்த காலம் அது. நானூறு அடிச் சுருள் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு டேக் வீணானால் தயாரிப்பாளரின் பணம் குப்பைக்குப் போகும். ஆகவே இரண்டாவது டேக் கேட்காத நடிகருக்கு மதிப்பு. ஹீரோ தடுமாறினாலும் பக்கத்தில் நிற்கிறவர் தடுமாறக்கூடாது. 400-க்கும் மேற்பட்ட படங்கள் இவரைத் தேடி வந்ததற்கு முகராசி மட்டும் காரணம் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வருவார், வசனத்தோடு வருவார், சொன்னதைச் செய்துவிட்டு எழுந்து போவார் என்ற பேர். தமிழக அரசு 1994-ல் கலைமாமணி கொடுத்தது.

இன்றைக்கு அந்தக் கணக்கு வேறு. டிஜிட்டல் கேமராவில் சுருள் தீரும் பயம் கிடையாது. வேண்டும்வரை திரும்பத் திரும்ப எடுக்கலாம். சீரியல் தளத்தில் வசனத்தை மனப்பாடம் செய்யவே நேரம் இருக்காது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார், நடிகர் கேட்டுத் திருப்பிச் சொல்வார். இதை 'பிராம்ப்டிங்' என்கிறார்கள். ஒரே நாளில் ஒரு முழு எபிசோடை எடுத்து முடிக்கவேண்டிய நெருக்கடியில் அதைக் குறை சொல்லவும் முடியாது. நூறு மேடை ஏறியபின் கேமராவுக்கு வந்தவர்கள் அன்றைய ஆட்கள். இன்றைக்குக் கேமரா முதலில் வந்துவிடுகிறது. கற்றுக்கொள்வது அதற்கு முன்னால் நின்றுதான்.

சித்தப்பா சீரியலுக்குக் குடிபோனார்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சினிமாவின் வீடு சுருங்கத் தொடங்கியது. கூட்டுக்குடும்பப் படங்கள் குறைந்தன. கதாநாயகனுக்கு அப்பாவே இல்லாத கதைகள் வந்தன, சித்தப்பாவுக்கு எங்கே போவது? அப்பா வேண்டும் என்றாலும் அந்த இடத்துக்கு முன்னாள் நாயகர்களையோ இயக்குநர்களையோ அழைக்கும் வழக்கம் வந்தது. சத்யராஜ், பிரபு, சமுத்திரக்கனி என்று போஸ்டரில் போட்டாலே ஆள் வரும். அவர்கள் நன்றாகவே நடிக்கிறார்கள். ஆனால் அப்பாவாகவே தொடங்கி அப்பாவாகவே முடிகிற பிழைப்பு அதனால் ஒடுங்கிப்போனது.

அந்த உறவுக்காரர்கள் அப்படியே சின்னத்திரைக்குக் குடிபோனார்கள். டெல்லி கணேஷும் 'கஸ்தூரி', 'செல்லமே' என்று சன் டிவி தொடர்களில் வந்தார். எங்கள் முடிச்சூரிலும் அதே சமயத்தில்தான் வீடுகள் மாறின. வயல் மனையானது, மனை அடுக்குமாடியானது. இரண்டு பெட்ரூம், ஒரு ஹால் என்று பில்டர் போடும் வரைபடத்தில் ஊரிலிருந்து வரும் ஒன்றுவிட்ட மாமாவுக்கு மூலை கிடையாது. அவருக்கும் இப்போது தங்கவேண்டிய தேவை இல்லை. கல்யாணத்துக்கு வந்தால் மண்டபத்திலேயே அறை, இல்லாவிட்டால் கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்பிவிடுகிறார். கூடத்தில் காலியான அந்த இடத்தில் டிவியை மாட்டினோம். விட்டுப்போன உறவுகள் இரவு எட்டு மணிக்கு அதற்குள் வந்து உட்கார்ந்தன. ஆச்சி சீரியலைப் பார்த்துக்கொண்டே, "இவரு பேச்சைக் கேட்டா அந்த வீடு உருப்படும்" என்று அண்ணாச்சிக்கு ஆதரவாகப் பேசுவார்.

ஒரே ஒரு தடவை மட்டும் அந்தப் பழைய வீடு திரும்பி வந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, கீழ்த்தளத்துக் குடும்பங்கள் எல்லாம் மாடி வீடுகளில் ஏறிக்கொண்டன. ஆச்சியின் வீட்டில் நான்கு குடும்பம். கரண்ட் கிடையாது, டிவி கிடையாது, ஃபோனில் சார்ஜ் கிடையாது. இரண்டாம் நாள் ராத்திரி குழந்தைகள் அழ ஆரம்பித்ததும், அதுவரை யாரிடமும் அதிகம் பேசாத பின்தெருப் பெரியவர் ஒருவர் இருட்டில் உட்கார்ந்தபடி பாலக்காட்டு மணி ஐயரின் குரலில் பேசத் தொடங்கினார். சாம்பாரிலிருந்து ஆரம்பித்துக் கல்யாணம் முழுவதையும் நடத்தி முடித்தார். கீழே படிக்கட்டில் தண்ணீர் சலசலக்க, மேலே நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். படகு வரும்வரை அந்த வீட்டுக்கு அவர்தான் சித்தப்பா.

பொழிச்சலூர்க்காரர்

எல்லோருக்கும் வல்லநாட்டுக்காரருக்கு அமைந்தது போல அமைந்துவிடாது. முடிச்சூரிலிருந்து வடக்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பொழிச்சலூர். அங்கேதான் போண்டா மணி குடியிருந்தார். இலங்கையின் மன்னாரில் பிறந்து, கடல் கடந்து வந்து, 1991-ல் 'பவுனு பவுனுதான்' படத்தில் தலைகாட்டியவர். பிறகு வடிவேலுவின் நகைச்சுவைக் கூட்டத்தில் ஒருவராக 200-க்கும் மேற்பட்ட படங்கள். ஒரு காட்சியில் வந்து, ஒரு வரி கேட்டு, வடிவேலுவின் வாயைக் கிளறிவிட்டுப் போகிற வேஷம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த நகைச்சுவையும் இல்லை.

நகைச்சுவைத் தனி டிராக் தமிழ்ப் படத்திலிருந்து மெல்ல மறைந்ததும் அந்தக் கூட்டம் முழுக்க வேலை இழந்தது. போண்டா மணிக்குச் சிறுநீரகம் கெட்டது. 2022-ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். திரையுலகிலிருந்து சிலர் உதவினார்கள். 2023 டிசம்பர் 23 அன்று பொழிச்சலூர் வீட்டில் மயங்கி விழுந்து இறந்துபோனார். மாதச் சம்பளம், பென்ஷன், பி.எஃப். எதுவும் இல்லாத தொழில் இது. நாளுக்கு இவ்வளவு என்று பேசி, பேட்டா வாங்கி, அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கவேண்டும். அழைப்பு நின்றால் எல்லாம் நின்றுவிடும். அன்றும் இன்றும் இந்தத் தொழிலில் மாறாத ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டும்.

தாத்தா ஆனபிறகு

வயதானதும் டெல்லி கணேஷ் செய்த காரியம்தான் எனக்கு இப்போதும் ஆச்சரியம். 2016-ல் மகனுக்காக 'என்னுள் ஆயிரம்' படத்தைத் தயாரித்தார். அதோடு, பேர் தெரியாத இளைஞர்கள் எடுத்த குறும்படங்களில் நடித்துக்கொடுத்தார். மணிரத்னத்துக்கும் சிங்கீதத்துக்கும் நடித்தவர், முதல் படத்துக்குக் கதை எழுதி வைத்திருக்கும் பையன்களோடு போய் உட்கார்ந்தார். அந்தப் படங்கள் யூடியூபுக்குப் போயின. 'நாயகன்' வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளுக்கு அவர் தாத்தா ஆனது அப்படித்தான். இறந்த வருடத்திலும் 'அரண்மனை 4', 'இந்தியன் 2' இரண்டிலும் இருந்தார். விமானப்படையும் பத்து வருட ஊழியத்தை மறக்கவில்லை. இறுதி மரியாதை செலுத்தச் சீருடையில் வீரர்கள் வந்தார்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் போகும் ஊரில் இருப்பதாலோ என்னவோ, அந்தச் செய்திதான் எங்கள் தெருவில் அதிகம் பேசப்பட்டது.

குணச்சித்திரம் அழிந்துவிட்டது என்று நான் புலம்பமாட்டேன். வழிதான் மாறியிருக்கிறது. குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையிலிருந்து வந்தார். பூ ராமு வீதி நாடகத்திலிருந்து வந்தார். 2018-ல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கல்லூரி முதல்வராக அவரும், அப்பாவாகத் தெருக்கூத்துக் கலைஞர் நெல்லை தங்கராஜும் வந்து நின்றதை யார் மறப்பார்கள்? டப்பிங் குரலாகத் தொடங்கிய எம்.எஸ். பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காக 2025-ல் தேசிய விருது அறிவித்தார்கள். கீழ்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் வண்டி நிறுத்தும் சண்டையைச் சொல்லும் படம் அது. முடிச்சூரில் எந்தத் தெருவிலும் எடுத்திருக்கலாம். பழைய படமாக இருந்தால் நடுவில் ஒரு சித்தப்பா வந்து இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசியிருப்பார். இந்தக் கதையில் அப்படி ஒருவர் இல்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்கிறார்கள். பாஸ்கருக்குக் கிடைத்ததும் சமாதானம் பேசுகிறவர் வேஷம் இல்லை, சண்டை போடுகிறவர் வேஷம்.

போன மாதம் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட பேரன் சோபாவில் சாய்ந்து ஃபோனில் ஏதோ குறும்படம் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் கேட்டதுமே ஆச்சி சமையலறையிலிருந்து வந்துவிட்டார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னத் திரையில் தலையை நீட்டினார்.

"தள்ளி உக்காரு, ஆச்சி. இந்தத் தாத்தா செம ஆக்டிங்."

"தாத்தாவாம்! ஒனக்குத் தாத்தா, எனக்கு அண்ணாச்சிலா" என்ற ஆச்சி, அவன் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். "முதல்ல இருந்து போடு."